கத்தரிக்காய்ப் புழுவும் காதுக்குள் கால்வாயும்



போன வருஷம் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்குப் போயிருந்தோம். மேளமும் வேட்டும் காதைப் பிளந்தன. சித்தி தோளில் கிடந்த பாப்பா மட்டும் அசையாமல் தூங்கினாள். "எவ்வளவு சமத்து!" என்று எல்லோரும் சொன்னார்கள். அப்புறம்தான் தெரிந்தது, அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்று.

காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் செய்யலாம் என்றார் டாக்டர். ஆறு வயதுக்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்யலாமாம். அதற்கு முன் ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் இரண்டு ஸ்கேன் எடுத்தார்கள். "காதுதானே கேக்கல, தலையை எதுக்குட்டி ஸ்கேன் எடுக்காங்க?" என்று ஆச்சி கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம். டாக்டரிடமே கேட்டுவிட்டேன்.

நம் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு மண்டையோட்டின் அடிப்பகுதியில் சேர்ந்தது. அதற்குள்தான் இரண்டரைச் சுற்றுள்ள நத்தைக்கூடு மாதிரி காக்ளியா இருக்கிறது. அதன் பக்கத்திலேயே சுமார் 3 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு எலும்புக் கால்வாய், இரண்டு இடத்தில் வளைந்து போகிறது. அதில் தண்ணீர் ஓடாது. முகத்தை அசைக்கும் நரம்பு ஓடுகிறது! அது அறுந்தால் ஒரு பக்க முகம் கோணிவிடும், அந்தப் பக்கத்துக் கண்ணை மூட முடியாது. டாக்டர் எலும்பைக் குடைந்து, இந்த நரம்பை ஒட்டிய சில மில்லிமீட்டர் இடைவெளி வழியாகத்தான் காக்ளியாவுக்குப் போகணும். எங்க தெருவில் குழி தோண்டியவர்கள், அடியில் என்ன போகிறது என்று பார்க்காமல் குடிதண்ணீர்க் குழாயை உடைத்தார்கள். குழாயை ஒட்டவைத்துவிட்டார்கள். நரம்பை அப்படி ஒட்ட முடியுமா?

அதற்குத்தான் சி.டி. ஸ்கேன். அம்மா கத்தரிக்காயை வில்லை வில்லையாக நறுக்கும்போது பாருங்கள். புழு துளைத்த வழி ஒவ்வொரு வில்லையிலும் ஒரு ஓட்டையாகத் தெரியும். வில்லைகளை வரிசையாக அடுக்கினால் புழு எங்கே நுழைந்து எங்கே திரும்பியது என்று கண்டுபிடித்துவிடலாம். ஸ்கேன் மெஷினும் தலையை வெட்டாமலே எக்ஸ்ரேயைச் சுற்றிச் சுற்றிச் செலுத்தி, ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய வில்லைகளாகப் படம் தருகிறது. ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற இங்கிலாந்துக்காரர் கண்டுபிடித்தது. 1971-இல் முதல் நோயாளிக்கு எடுத்தார்கள். 1979-இல் அவருக்கும் கார்மக் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சி.டி.யில் எலும்பு நன்றாகத் தெரியும். ஆனால் காதிலிருந்து மூளைக்குப் போகும் கேட்கும் நரம்பு இருக்கிறதா என்று பார்க்க காந்தத்தால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. வேணும். அந்த நரம்பே இல்லாவிட்டால் கருவி வைத்தும் பயன் இல்லையாம். படம் வரும்வரை சித்தி ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. எம்.ஆர்.ஐ. மெஷின் டமடம என்று இடிக்கும். பாப்பாவுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் அசைந்தால் படம் கலங்கிவிடும் என்று மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுத்தார்கள்.

நரம்பு இருக்கிறது!

அடுத்த மாதம் ஆபரேஷன். புண் ஆறி மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் வெளியே மாட்டும் கருவியை ஆன் செய்வார்கள். உடனே பேச்சு வராது, ரொம்ப நாள் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போகணும். முதல்ல அவ பேரைச் சொல்லி யார் கூப்பிடுறதுன்னு வீட்டில் இப்பவே சண்டை. சித்திதான் கூப்பிடணும் என்று ஆச்சி சொல்லிவிட்டாள்.

— 9-ஆம் வகுப்பு மாணவி