மூன்று ஆழ்வார்கள் நெருக்கியடித்த ஊர்! திருக்கோவிலூரை ஒரே நாளில் சுற்றலாம்

ஒரு நாள் லீவு கையில் இருக்கிறதா? திருக்கோவிலூருக்கு பஸ் ஏறுங்கள். 2019-ல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்து ஊர் இது. சங்க காலத்தில் மலையமான் திருமுடிக்காரி ஆண்ட ஊர்.

இறங்கியதும் சூடாக இட்லி, வடையை ஒரு பிடி பிடித்துவிட்டு, உலகளந்த பெருமாள் கோவிலுக்கு நடங்கள்.

கும்மிருட்டில் நெரிசல்

பொய்கை, பூதம், பேய் என்ற முதல் மூன்று ஆழ்வார்கள் சந்தித்தது இந்த ஊரில்தான். கொட்டும் மழை, கும்மிருட்டு. ஒதுங்கிய ரேழியில் ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கத்தான் முடியும். நாலாவதாக யாரோ நெருக்கினார்கள். அது பெருமாள்தான் என்கிறது கதை. டவுன் பஸ்சில் தினமும் நசுங்குகிற நமக்கு இது புரியாதா என்ன!

கபிலர் குன்று

மத்தியானச் சாப்பாடு ஆனதும் கீழையூர் வீரட்டானேஸ்வரர் கோவில். போகிற வழியில் அவித்த மல்லாட்டை (வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர்) கிடைத்தால் விடாதீர்கள்.

நண்பன் பாரி மாண்ட பிறகு, அவன் மகளை மலையமான் வீட்டில் கட்டிக்கொடுத்துவிட்டு கபிலர் தீயில் இறங்கினார் என்று இந்தக் கோவிலின் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. கபிலர் குன்று என்கிற அந்தப் பாறை, பக்கத்திலேயே தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கிறது.

உஷார்!

ஆற்றில் தண்ணீர் ஓடினால் இறங்க வேண்டாம். கரையில் நின்றே பாருங்கள். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி திறந்தபோது, கரையோர ஊர்களைப் புரட்டிப் போட்டது இதே ஆறுதான்.

மல்லாட்டைத் தோலையும் பொட்டலக் காகிதத்தையும் குன்றடியில் வீசாதீர்கள். சிநேகிதனுக்காக உயிரை விட்டவர் இடம் அது.