நொடியை நூறாய் நறுக்கும் கேமரா

மதுரைக் கோச்சடையிலிருந்து வடக்கே, கொஞ்சம் கிழக்கே சாய்த்து ஒரு கோடு இழுங்கள். ஏறத்தாழ 300 கிலோமீட்டரில் ஜவ்வாது மலைக் காவலூர் வந்துவிடும். 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு, நடுவே வெள்ளைக் குவிமாடங்கள். வைணு பாப்பு வானாய்வகம்! 1968-ல் உள்நாட்டிலேயே உருவாக்கிய 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கிய இடம். 1972-ல் ஜெர்மனியின் ஜெனாவிலிருந்து 102 செ.மீ. தொலைநோக்கி வந்து சேர்ந்தது. 1986-ல் 2.34 மீட்டர் ஆடி கொண்ட பெரிய அண்ணன். ஆனால் இன்று நாம் எட்டிப் பார்க்கப் போவது ஆடியை அல்ல. தொலைநோக்கியின் முனையில் உட்கார்ந்து, நொடிக்கு நூற்றுக்கணக்கில் படமெடுக்கும் அதிவேக வான்கேமராக்களின் உலகத்தை!

அசையாத நட்சத்திரத்துக்கு எதற்கு இத்தனை அவசரம்? அதற்கான பதிலைக் காவலூரே 1977 மார்ச் 10 அன்று சொல்லியிருக்கிறது. அன்று இரவு யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்க வேண்டும். ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 102 செ.மீ. தொலைநோக்கியில் ஒளிமானியைப் பொருத்திக் காத்திருந்தார்கள். கோள் இன்னும் விண்மீனைத் தொடவே இல்லை. அதற்குள் ஒளி சடாரென்று விழுந்தது. சில நொடிகள்தான், மறுபடி எழுந்துவிட்டது! புதிய துணைக்கோளாக இருக்கும் என்று எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே, விமானத்தில் பொருத்திய தொலைநோக்கியோடு பறந்துகொண்டிருந்தது ஜேம்ஸ் எலியட் குழு. கோளுக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு தூரங்களில் ஒளி விழுந்து விழுந்து எழுந்ததை அவர்கள் பார்த்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள்! நம் காவலூர் பிடித்ததும் வளையத்தின் நிழலைத்தான். சுமார் 260 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், அகலமான இடத்திலும் நூறு கிலோமீட்டரைத் தாண்டாத வளையம் அது. அன்றைக்கு எந்தத் தொலைநோக்கியாலும் படமெடுக்க முடியாததைக் கடிகாரம் பிடித்துக் கொடுத்தது. நினைத்தாலே சிலிர்க்கிறது.

இதுதான் இந்தத் துறையின் உயிர்நாடி. தூரத்துப் பொருளைப் பெரிதாக்கிப் பார்க்க முடியாவிட்டால், அதன் நிழல் கடக்கும் நேரத்தை அளந்துவிடு.

இப்போது கேமராவைத் திறப்போம். சாதாரண வானியல் கேமரா ஒரு படத்தை எடுத்தபின், அதைப் படித்து முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொள்ளும். அதிவேகக் கேமராவின் சில்லில் பாதி வெளிச்சம் வாங்கும். மறுபாதி மூடியே இருக்கும். படம் விழுந்ததும் மின்னூட்டம் முழுவதும் மூடிய பாதிக்குச் சட்டென நகர்ந்துவிடும். கல்யாணப் பந்தியில் ஒரு வரிசை எழுந்து கைகழுவப் போவதற்குள் அடுத்த வரிசை உட்கார்ந்துவிடுகிறதே, அதேதான். முந்தைய படத்தைப் பின்னால் நிதானமாகப் படிக்கலாம். முன்னால் அடுத்த படம் விழுந்துகொண்டிருக்கும்.

வானியலாளர்கள் விக் தில்லனும் டாம் மார்ஷும் தலைமையேற்று உருவாக்கிய அல்ட்ராகேம் என்ற கேமரா 2002-ல் வேலைக்கு வந்தது இந்த உத்தியோடுதான். மூன்று நிறங்களில் ஒரே நேரத்தில் படம், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் வீணாவது மிகக் குறைந்த நேரம் மட்டுமே. நண்டு நெபுலாவின் நடுவே நொடிக்கு 30 முறை சுழலும் துடிவிண்மீனின் ஒவ்வொரு மினுக்கையும் இப்படிப்பட்ட கண்களால் பிரித்துப் பார்க்க முடியும். அதன் தம்பி அல்ட்ராஸ்பெக் தாய்லாந்தின் 2.4 மீட்டர் தொலைநோக்கியில் இருக்கிறது.

ஆனால் என்னை மயக்குவது திரைக்குப் பின்னால் நடக்கும் வேலை. பொழுது சாய்வதற்குள் குவிமாடத்தைத் திறந்து உள்காற்றை ஆறவிட வேண்டும். அந்தி வானத்தைப் படமெடுத்துச் சில்லின் மேடுபள்ளங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில்லு சூடாக இருந்தால் அதுவே பொய்யான மின்னூட்டம் உண்டாக்கும். அதனால் மின்குளிர்விப்பானை வைத்து மைனஸ் 40 டிகிரிக்கு இறக்குவார்கள். சில கேமராக்களுக்குத் திரவ நைட்ரஜன். குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படிந்தால் அந்த இரவு போச்சு! எனவே உள்ளே வெற்றிடம், வெளிக் கண்ணாடிமீது உலர்ந்த காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். தொலைநோக்கி திரும்பும்போது கேபிள் முறுக்கிக்கொள்கிறதா, குளிர்நீர்க் குழாய் கசிகிறதா என்று ஒருவர் டார்ச்சோடு பார்த்துக்கொண்டிருப்பார்.

முழுச் சில்லையும் படித்தால் படத்துக்கு 2 மெகாபைட். நொடிக்கு நூறு என்றால் வட்டு திணறும். ஆகவே இலக்கு விண்மீனையும், ஒப்பிட அருகிலுள்ள ஒன்றையும் சுற்றிச் சின்னச் சின்ன சன்னல் வெட்டி, அதை மட்டும் படிப்பார்கள். மழைக்காலத்தில் வானம் மூடிக்கிடக்கும்போது ஓய்வு என்று நினைக்காதீர்கள். வெற்றிடம் இறைப்பதும் இணைப்புகளைச் சோதிப்பதும் ஆடிக்கு அலுமினியப் பூச்சு போடுவதும் அப்போதுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நேரம். குவிமாடத்துக்கு வெளியே ஜிபிஎஸ் ஆன்டெனா, ஒவ்வொரு படத்துக்கும் நேர முத்திரை. முத்திரை சரியா என்று சோதிக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஜிபிஎஸ் துடிப்புக்குக் கண்சிமிட்டும் ஒரு குட்டி எல்இடியைக் கேமராவிடமே காட்டுவார்கள். அது எந்தப் படத்தில் எரிகிறது என்று பார்த்தால் கேமராவின் வண்டவாளம் தெரிந்துவிடும்!

வேகத்தின் பலனுக்கு ஓர் உதாரணம் போதும். 2013 ஜூன் 3 அன்று சாரிக்லோ என்ற, சுமார் 250 கிலோமீட்டர் குறுக்களவுள்ள சிறுபொருள் ஒரு விண்மீனை மறைத்தது. சிலியின் லா சில்லாவிலிருந்த 1.54 மீட்டர் டேனிஷ் தொலைநோக்கி நொடிக்குச் சுமார் 10 படங்கள் எடுத்தது. அந்தச் சின்ன உருவத்துக்கு ஒன்றல்ல, இரண்டு வளையங்கள் என்று அது காட்டிக் கொடுத்தது. அகலம் முறையே 7, 3 கிலோமீட்டர் மட்டும்!

இதற்கெல்லாம் பெரிய ஆடிதான் வேண்டும் என்பதில்லை. விண்மீனை மறைக்கும் சிறுகோளின் நிழல் அந்தச் சிறுகோளின் அகலமே இருக்கும். கோச்சடையில் அணையும் விண்மீன் திருப்பரங்குன்றத்தில் அணையாமலே போகலாம். நிழல் நொடிக்கு 20 கிலோமீட்டர் ஓடினால், நொடிக்கு 25 படமெடுக்கும் வீடியோ கேமரா சிறுகோளின் விளிம்பை ஒரு கிலோமீட்டருக்குள் சொல்லிவிடும். மதுரைக் கல்லூரிகளே, பள்ளி அறிவியல் மன்றங்களே! வீட்டு மாடிக்கு அடங்கும் ஒரு தொலைநோக்கி, ஒரு வீடியோ கேமரா, ஒரு ஜிபிஎஸ் கடிகாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். மறைப்புகளின் முன்கணிப்பு உலகம் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. அடுத்த நிழல் வைகையைக் கடக்கும்போது அதைப் பதிவுசெய்ய நம் ஊரில் இரண்டு பேராவது மாடியில் இருக்க வேண்டும்.