கை வேலையில், வாய் சிரிப்பில்

நமுனுக்குல மலைப்பக்கம், ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஒரு கைக்குழந்தையின் உள்ளங்கையில் பருப்புக் கடையுங்கள். பிறகு விரலை நண்டாக்கி முழங்கை தாண்டி ஊரவிடுங்கள். நண்டு அக்குளுக்குப் போய்ச் சேருமுன்பே பிள்ளை குலுங்கிச் சிரித்துவிடும். அதற்குப் பேச்சு வரவில்லை, பகிடியும் புரியாது. ஆனாலும் நான்கு மாத அளவிலேயே வாய்விட்டுச் சிரிக்கத் தெரிந்துவிடுகிறது. பிறவியிலேயே பார்வையும் செவிப்புலனும் இல்லாத பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். யாரையும் பார்த்தோ கேட்டோ கற்க வேண்டாத சிரிப்பு, உடம்போடு வந்த சொத்து.

அந்தச் சொத்தின் வயதை அறிய ஆய்வாளர் மரினா டவிலா ரொஸ் குழுவினர் கையிலெடுத்த கருவி கிச்சுக்கிச்சுதான். ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி, பொனொபோ ஆகியவற்றின் குட்டிகளுக்கும் மனிதக் குழந்தைகளுக்கும் கிச்சுக்கிச்சு மூட்டி, எழுந்த ஒலிகளைப் பதிவு செய்தார்கள். ஒலிகளின் ஒற்றுமை வேற்றுமையை மட்டும் வைத்து ஒரு வம்சாவளி வரைந்தார்கள். மரபணுக்கள் காட்டும் அதே உறவுமுறை அதிலும் வந்தது: சிம்பன்சியும் பொனொபோவும் நமக்கு நெருக்கம், ஒராங்குட்டான் தூரத்து உறவு. 2009இல் வெளியான அந்த ஆய்வின்படி, சிரிப்பின் வேர் 1 கோடி முதல் 1 கோடியே 60 இலட்சம் ஆண்டுகள் வரை பின்னே செல்கிறது.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கில் பிறக்கும் என்றார். பரிணாமக் கணக்கில் இந்த நான்கில் மூத்தது இளமை, அதாவது பிள்ளைத்தன்மை. சிங்களத்தில் ரிலவா எனப்படும், இலங்கைக்கே உரிய குரங்கின் குட்டிகள் கட்டிப்புரள்வதைக் கவனித்தால் காரணம் தெரியும். வாய் கடிக்கப்போவதுபோல் அகலத் திறக்கும், முகத் தசையில் இறுக்கம் இருக்காது, கடியும் பலமாக விழாது. ‘இது சண்டை இல்லை, விளையாட்டு’ என்பதற்கான அறிவிப்பு அது. அந்தத் திறந்த வாயில்தான் நம் சிரிப்பு தொடங்கியது என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் யான் வான் ஹூஃப் 1972இல் வாதிட்டார். பல்லைக் காட்டிப் பணிந்துபோகும் குரங்குமுகம் நம் புன்னகையின் மூலம் என்பது அவர் கருத்து. வாய்விட்ட சிரிப்பும் புன்னகையும் அவர் பார்வையில் இரு வேறு குடும்பங்கள்.

சிம்பன்சியின் சிரிப்பு மூச்சிரைப்பு போன்றது. உள்மூச்சுக்கு ஒன்று, வெளிமூச்சுக்கு ஒன்று என ஒலி வரும். நாமோ ஒரே வெளிமூச்சை ‘ஹ ஹ ஹா’ என்று பல துண்டாக்குகிறோம். நிமிர்ந்து நடக்கத் தொடங்கியதும் மூச்சு நடையின் பிடியிலிருந்து விடுபட்டதே இதற்கு வழிவிட்டது என்றார் சிரிப்பை ஆராய்ந்த ரொபர்ட் புரொவைன்.

இந்த மாற்றத்தால் என்ன இலாபம்? குரங்குகள் ஒன்றுக்கொன்று மயிர் கோதி, பேன் பார்த்து உறவு வளர்க்கின்றன. லயத்து இஸ்தோப்பில் தலைபார்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசும் பெண்களுக்கும் அந்தச் சுகம் தெரியும். ஆனால், ஒரு நேரத்தில் ஒரு தலையைத்தான் பார்க்க முடியும். இரு கையும் அதிலேயே இருக்க வேண்டும். சிரிப்புக்குக் கை தேவையில்லை. ஒரே சிரிப்பு பலரைத் தொடும். கூட்டம் பெருத்தபோது தொடாமலே உறவு பேணச் சிரிப்பு உதவியது என்கிறார் ஆய்வாளர் ரொபின் டன்பார். சேர்ந்து சிரித்தவர்களுக்கு வலி தாங்கும் எல்லை கூடியதை 2011இல் வெளியான பரிசோதனைகளில் அவர் குழு காட்டியது. உடம்பு தானே சுரக்கும் என்டோர்பின்தான் இதற்குக் காரணம் என்பது அவர்கள் விளக்கம்.

கொழுந்து மலையில் இதைக் கண்முன்னே பார்க்கலாம். இரண்டு கையும் கொழுந்தில், பாரம் முதுகில், ஆள் ஆளுக்கு ஒரு நிரை. அங்கிருந்து ஒருத்தி ஏதோ சொல்ல, நாலு நிரை தள்ளி இருப்பவள்வரை சிரிப்பு பரவும். சொன்னது பெரிய நகைச்சுவையாக இருக்க வேண்டியதில்லை. அன்றாடப் பேச்சில் கேட்ட 1,200 சிரிப்புகளைப் புரொவைன் குழு குறித்துப் பார்த்தபோது, நகைச்சுவை என்று சொல்லத்தக்க பேச்சைத் தொடர்ந்து வந்தவை பத்தில் இரண்டுகூட இல்லை. தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம் என்பதும் அவர் கண்டது.

“என்னம்மா அப்படிச் சிரிப்பு?” என்று கங்காணி கேட்டால், “ஒண்ணுமில்லீங்க, சும்மாதான்” என்பார்கள். அவர் நம்பமாட்டார். ஆனால் அறிவியல் நம்பும்.