கோபுரத்தைக் கடக்க ஒன்றரை நொடி!

குட்டீஸ்... ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? உயரம் 236 அடி! விமானத்திலிருந்து குதிக்கும் வீரர், பாராசூட் விரியும் முன் மணிக்குச் சுமார் 200 கி.மீ. வேகத்தில் விழுவார். அவ்வளவு உயரத்தைக் கடக்க அவருக்கு ஒன்றரை நொடிகூட ஆகாது!

இந்த விளையாட்டுக்கு 'ஸ்கை டைவிங்' என்று பெயர். ஒரு நொடி கவனம் சிதறினாலும் உயிருக்கு ஆபத்து. அதனால், புதியவர்களுக்குக் கட்டுப்பாடுகள் அதிகம். அமெரிக்காவில் 25 முறை குதித்தால்தான் முதல் உரிமம். கேமரா மாட்டிக்கொள்ள 200 முறையாவது குதித்திருக்க வேண்டும் என்கிறது அங்குள்ள பாராசூட் சங்கம். படம் பிடிக்கும் ஆசையில் உயரத்தை மறந்துவிடக்கூடாது அல்லவா?

உயரம் காட்ட, கையில் 'ஆல்டிமீட்டர்' இருக்கும். முதுகுப் பையில் இரண்டு பாராசூட்கள். முதலாவது விரியாவிட்டால் இரண்டாவது காப்பாற்றும். வீரர் மயங்கிவிட்டால்? சுமார் 750 அடியில் ஒரு சிறு கருவி அதைத் தானாகவே திறந்துவிடும். அது மூன்று ராஜகோபுர உயரம்தான். தரையைத் தொட நாலைந்து நொடிகளே பாக்கி!

புதியவர்களுக்குப் பெரிய பாராசூட்டே நல்லது, மெதுவாக இறங்கும். சிறியது வேகமாகப் பாயும். தடுமாறினால் எலும்பு முறியும்.

நம் நாட்டு வீராங்கனை ரேச்சல் தாமஸ் முதலில் குதித்தது 1979ல். வட துருவத்தில் 7,000 அடி உயரத்திலிருந்து குதித்தது 2002ல். இடையில் 23 ஆண்டுகள்! 2005ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

உங்களுக்கும் ஆசையா? 18 வயது ஆகட்டும், முறைப்படி கற்றுக்கொள்ளலாம். அதுவரை குடையைப் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து குதிக்கும் வேலை மட்டும் வேண்டாம். குடை மழைக்குத்தான், உங்களைத் தாங்காது!