பாய்மக் கட்டுப்பாட்டு இயங்குபடங்களில் இயங்குவினையும் இயக்குவினையும்

ஆய்வுச்சுருக்கம்

தொட்டி, குழாய், பம்பு, வால்வு ஆகியவற்றால் அமைந்த பாய்மக் கட்டுப்பாட்டு அமைப்புகளைக் கற்பிக்க ஊடாடும் இயங்குபடங்கள் பயன்படுகின்றன. அவற்றைத் தமிழில் உருவாக்கும்போது திரையில் இடம்பெறும் வினைச்சொற்கள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை நீர்மட்டக் கட்டுப்பாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை

அறிவியல் தமிழ் குறித்த உரையாடல் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தை, அதாவது பெயர்ச்சொற்களை, மையமாகக் கொண்டே நடந்துவருகிறது. அச்சு நூலின் படம் அசைவதில்லையாதலால் உறுப்புகளின் பெயர்களைக் குறித்தாலே அது பெரிதும் நிறைவுபெறும். இயங்குபடமோ அவ்வாறன்று. பயில்பவர் ஒரு வால்வைத் திருப்புகிறார்; பாய்வு மாறுகிறது; மட்டம் அசைகிறது. இங்கு எது தானே நிகழ்கிறது, எதை யார் நிகழ்த்துகிறார் என்ற வினா எழுகிறது. இதற்கு விடை சொல்பவை வினைச்சொற்களே.

தொட்டியின் கணக்கு

2 சதுர மீட்டர் அடிப்பரப்புடைய தொட்டி ஒன்றைக் கொள்வோம். நொடிக்கு 6 லிட்டர் நீர் உள்ளே வர, 4 லிட்டர் வெளியேறினால், மிஞ்சும் 2 லிட்டர் மட்டத்தை நொடிக்கு 1 மில்லிமீட்டர் உயரச் செய்யும். இயங்குபட நிரலும் இதனையே செய்கிறது. மிகச் சிறிய கால இடைவெளிதோறும் உள்வரவிலிருந்து வெளியேற்றத்தைக் கழித்து, அவ்விடைவெளியில் சேர்ந்த நீரின் அளவைப் பரப்பால் வகுத்து, வரும் விடையை மட்டத்தோடு கூட்டிப் படத்தைப் புதிதாக வரைகிறது.

இக்கணக்கில் பயில்பவர் நேரடியாக மாற்றக்கூடியவை பாய்வுகள் மட்டுமே. மட்டம் அவற்றின் விளைவு. ஆகவே 'மட்டத்தை உயர்த்துக' என்று ஒரு பொத்தானுக்குப் பெயரிடுவது அமைப்பின் இயல்புக்கே முரணானது.

வினைகளின் பங்கீடு

வினையின் விளைவு எழுவாயையே சாரும் உயர், கூடு, நிரம்பு, இறங்கு போன்றவற்றை இயங்குவினை என்றும், வேறொரு பொருளைச் சாரும் உயர்த்து, கூட்டு, நிரப்பு, இறக்கு போன்றவற்றை இயக்குவினை என்றும் கு. பரமசிவம் 'இக்காலத் தமிழ் மரபு' நூலில் வழங்குகிறார். இப்பகுப்பு கட்டுப்பாட்டு அமைப்பின் உறுப்புகளோடு இயல்பாகப் பொருந்துகிறது.

பயில்பவருக்கான கட்டளை, இயக்குவினையின் வியங்கோள் வடிவில் வரலாம்: 'இலக்கு மட்டத்தை மாற்றுக'. கட்டுப்படுத்தியின் செயல், இயக்குவினையின் படர்க்கை வடிவில் வரும்: 'கட்டுப்படுத்தி உள்வரவைக் கூட்டுகிறது'. நீரின் நிகழ்வு இயங்குவினையிலேயே வர வேண்டும்: 'மட்டம் உயர்கிறது'. மூன்றையும் இவ்வாறு பிரித்து எழுதினால், செய்பவர், இடைநின்று செயற்படும் கருவி, விளைவு என்ற காரணத் தொடர் தனி விளக்கமின்றியே புலப்படும்.

எனினும் இரண்டு இடங்களில் கவனம் தேவை. முதலாவது, 'குறை' என்னும் வினை. 'குறைகிறது', 'குறைக்கிறது' ஆகியவற்றுக்கிடையே ஓர் ஒற்றெழுத்தே வேறுபாடு. சிறிய திரையில் இது கண்ணுக்குத் தப்பக்கூடும் என்பதால் எழுவாயையும் செயப்படுபொருளையும் விடாமல் எழுதுவது நன்று.

இரண்டாவது, 'திற' என்னும் வினை. 'கதவு திறந்தது', 'கதவைத் திறந்தான்' என இருநிலைக்கும் இது பொதுவானது. கட்டுப்படுத்தியின் ஆணைப்படி திறப்பதும், ஆணையின்றித் திறப்பதும் பொறியியலில் வெவ்வேறு நிகழ்வுகள். காற்றழுத்தத்தால் மூடியிருக்கும் ஒருவகை வால்வில் அழுத்தம் அற்றுப்போனால் சுருள்வில்லின் விசையால் அது திறக்கும். முன்னதற்குக் 'கட்டுப்படுத்தி வால்வைத் திறக்கிறது' என்றும், பின்னதற்கு 'வால்வு திறந்துகொள்கிறது' என்றும் எழுதலாம். இரண்டாம் வேற்றுமை உருபும் 'கொள்' என்னும் துணைவினையும் இங்கே பொருளைக் காக்கின்றன.

பிழையா, விலகலா?

இலக்கு மட்டத்துக்கும் உண்மை மட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கில வழக்கை ஒட்டிப் 'பிழை' என்று பெயர்ப்பதுண்டு. மேற்கண்ட தொட்டியில் இலக்கு 100 சென்டிமீட்டர் என்றும், உள்வரவும் வெளியேற்றமும் 4 லிட்டரில் சமநிலையில் உள்ளன என்றும் கொள்வோம். மட்டம் இலக்கிலிருந்து இறங்கும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் நேர்விகிதக் கட்டுப்படுத்தி நொடிக்கு 0.1 லிட்டர் உள்வரவைக் கூட்டுகிறது. இப்போது வெளியேற்றத்தை 6 லிட்டராக உயர்த்தினால், சமநிலைக்குக் கூடுதலாக 2 லிட்டர் உள்வரவு தேவை. மட்டம் 20 சென்டிமீட்டர் தாழ்ந்தால்தான் அது கிடைக்கும். எனவே மட்டம் 80 சென்டிமீட்டரில் நிலைகொள்ளும்.

எந்த உறுப்பும் பழுதின்றி இயங்கும்போதே இவ்வேறுபாடு நீடிக்கிறது. அதனைப் 'பிழை' எனக் குறித்தால் பயில்பவர் பழுதைத் தேடுவார். 'விலகல்' என்ற சொல் அம்மயக்கத்தைத் தவிர்க்கும். விலகலைக் காலப்போக்கில் தொகுத்து உள்வரவோடு சேர்க்கும் தொகைக் கட்டுப்பாட்டை இணைத்தால் மட்டம் மீண்டும் 100 சென்டிமீட்டரை அடையும். இதைப் பயில்பவர் தாமே இணைத்துப் பார்க்கும்படி விடுவதே ஊடாட்டத்தின் பயன்.

இச்சரிவின் 63 விழுக்காடு நிகழ ஏறத்தாழ 200 நொடிகள் ஆகும். வகுப்பறை வசதிக்காகப் பத்து மடங்கு விரைவாகக் காட்டினால், அவ்வுண்மையைத் திரையிலேயே குறிப்பிட வேண்டும். இல்லையேல் உண்மையான தொட்டி உடனே பணியும் என்ற தவறான எதிர்பார்ப்பு பதிந்துவிடும்.

திரையும் உயிரும்

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நிகழ்ந்த வெடிப்பில் 15 பேர் உயிரிழந்தனர். அன்று ஒரு கோபுரத்துள் மூன்று மணி நேரத்துக்கும் மேலாக நீர்மம் செலுத்தப்பட்டது; ஆனால் வெளியேற்றம் நிகழவில்லை. கோபுரம் நிரம்பிக்கொண்டிருக்க, மட்டமானி மட்டம் குறைவதாகக் காட்டியது. உள்வரவும் வெளியேற்றமும் ஒரே திரையில் அருகருகே காட்டப்படவில்லை என்பதும் விசாரணையில் சுட்டப்பட்ட குறைகளுள் ஒன்று.

இவ்விபத்துக்குப் பல காரணங்கள் உண்டு. மொழி அவற்றுள் ஒன்றன்று. ஆயினும் இயங்குபடம் உருவாக்குவோர்க்கு இதில் ஒரு பாடம் உள்ளது. 'மட்டம் குறைகிறது' என்ற இயங்குவினைத் தொடர் விளைவை மட்டுமே கூறும், காரணத்தைக் கூறாது. அதனருகே இரு பாய்வுகளின் அளவுகளும் இருந்தால்தான், கருவி சொல்வது நம்பத்தக்கதா என்று பயில்பவர் கணக்கிட்டுப் பார்க்க இயலும்.

முடிவுரை

ஊடாடும் இயங்குபடத்தின் தமிழாக்கம் பெயர்ச்சொற்களை மாற்றுவதோடு முடிவதில்லை. நீர்மத்துக்கு இயங்குவினை, கட்டுப்படுத்திக்கும் பயில்பவருக்கும் இயக்குவினை எனப் பங்கிடுதல். இருநிலைக்கும் பொதுவான வினைகளில் உருபாலும் துணைவினையாலும் பொருளைத் தெளிவாக்குதல். 'பிழை' என்பதை விடுத்து 'விலகல்' என்பதைக் கொள்ளுதல். மட்டத்தோடு பாய்வுகளையும் சேர்த்துக் காட்டுதல் ஆகியன இக்கட்டுரை முன்வைக்கும் நெறிகள். நிரலாளரும் தமிழாய்வாளரும் உருவாக்கத்தின் தொடக்கத்திலேயே இணைந்து பணியாற்றினால் இவற்றை எளிதில் நடைமுறைப்படுத்தலாம்.