டைம் மெஷின் இருக்கு... ஏறத் தயாரா?

நாளைக்கு ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிவ்யூ. இன்னிக்கு ராத்திரின்னு பார்த்து லேப்டாப் கண்ணை மூடுது. அப்போ நீங்க என்ன கேட்பீங்க? 'சாமி, ஒரே ஒரு நாள் பின்னாடி போகணும்!'

'இன்று நேற்று நாளை' (2015) வந்ததிலிருந்தே நமக்கு டைம் மெஷின் மேல ஒரு கண்ணு. தேனி மாவட்டத்தில் அதற்குக் கிட்டத்தட்ட வந்தது போடி ரயில்தான். 2010 கடைசியில் மீட்டர் கேஜ் வண்டியாகக் காணாமல் போனது, 2023 ஜூனில் பிராட் கேஜ் வண்டியாகப் போடிக்குத் திரும்பியது. ஆனா, அதுவும் எதிர்காலத்துக்குத்தான் போச்சு! பின்னாடி போற வண்டி ஒண்ணே ஒண்ணுதான்... பேக்கப்!

ஆப்பிள் நிறுவனம் 2007-ல் தன் பேக்கப் சாஃப்ட்வேருக்கு 'டைம் மெஷின்' என்றே பேர் வைத்தது. ஒரு கண்டிஷன்: நீங்க கடைசியா காப்பி எடுத்த தேதியில்தான் வண்டி நிற்கும். மார்ச் 10-ல் காப்பி எடுத்து, ஏப்ரல் 10-ல் டிஸ்க் போனா, நடுவில் அடிச்ச புரோகிராம் எல்லாம் கோவிந்தா!

போர்வைக்குள் ஒரு படம்

1998-ல் 'டாய் ஸ்டோரி 2' தயாரானபோது, யாரோ தட்டிய டெலிட் கட்டளையில் படத்தின் ஃபைல்கள் மடமடவென மறைந்தன. ஆபீஸ் பேக்கப்பைத் தேடினால், அது ஒழுங்காகப் பதிவாகவே இல்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சுஸ்மனின் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்துக் கொண்டு வந்தார்கள். படம் பிழைத்தது.

எல்லாருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. 1981-ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, சுமார் 97 ஆயிரம் நூல்கள் போயின. அச்சுப் புத்தகத்தை வேற ஊரில் தேடலாம். வேறு பிரதியே இல்லாத ஓலைச்சுவடியை எங்கே போய்த் தேடுறது? கட்டடம் மறுபடி எழுந்தது. அந்தச் சுவடிகள் வரவில்லை.

பாட்டி பேசிய ஒரே வீடியோ உங்க போனில் மட்டும் இருக்கா? அதுவும் ஓலைச்சுவடிதான், பாஸ்!

3-2-1 ஸ்டார்ட்!

* மூணு பிரதி, ரெண்டு வகை சாதனம், ஒண்ணு வேற இடத்தில். லேப்டாப், எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க், கிளவுட்.

* நெட் இழுக்குதா? ஹார்டு டிஸ்க்கைக் கம்பத்து அத்தை வீட்டு பீரோவில் வையுங்க. லேப்டாப் பையிலேயே போட்டு வச்சா, திருடனுக்கு ஒண்ணு எடுத்தா ஒண்ணு ஃப்ரீ!

* ஆட்டோ சிங்க் மட்டும் போதாது. இங்கே டெலிட் ஆனா அங்கேயும் டெலிட் ஆகும். குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும், அவ்வளவுதான்.

* எடுத்த காப்பியைத் திறந்து பாருங்க. 'டாய் ஸ்டோரி'காரங்க தாமதமாகக் கத்துக்கிட்ட பாடம் இது.

* முல்லைப் பெரியாறு குத்தகை 1886-ல் 999 வருஷத்துக்கு எழுதினது. உங்க பென் டிரைவ் 2885 வரை தாங்காது! சில வருஷத்துக்கு ஒரு தடவை புதுசுக்கு மாத்துங்க. ஓலை செல்லரிக்கும் முன்னே நம்ம ஆளுங்க புது ஓலையில் எழுதி வச்சாங்களே, அதே டெக்னிக்.

இன்னிக்கு ராத்திரியே ஒரு காப்பி போட்டுடுங்க. நாளைக்கு நீங்க 'இன்னிக்கு'த் திரும்பி வர வேண்டியிருக்கும்ல!