வானில் 19 மணி, கடலில் 97 நாள்!

தென் அமெரிக்காவில் ஈக்குவடார் தேசத்துத் துறைமுகமான குவாயாகில் எங்கே, நமது நீலகிரியில் உள்ள நடுவட்டம் எங்கே! பூகோள உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்தால், நடுவே சுமார் 17,200 கிலோமீட்டர். பூமியைச் சுற்றும் தூரத்தில் பாதியே 20,000 கிலோமீட்டர்தான். இதைவிடத் தள்ளிப் போக உலகில் இடம் சொற்பம்!

இவ்விரண்டு ஊர்களுக்கும் என்ன உறவு என்று கேட்கிறீர்களா? சம்பந்தி உறவுதான். நடுவட்டத்துக்குப் பெயர் வாங்கித் தந்த சின்கோனா மரத்துக்கு அது பிறந்தகம், இது புக்ககம்.

மலேரியா ஜுரத்துக்குக் கண்கண்ட மருந்தான குவினைன், இந்த மரத்தின் பட்டையில் இருக்கிறது. ஜுரத்தில் மக்கள் மாண்டுகொண்டிருந்த காலத்தில், மரத்தையே இந்தியாவுக்குக் கொண்டுவர ஏற்பாடாயிற்று. 1860-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெரு நாட்டிலிருந்து கொண்டுவந்த செடிகள், செங்கடல் வெயிலில் வாடி வதங்கிப் பிழைக்காமல் போயின.

ஆனாலும் முயற்சியைக் கைவிடவில்லை. ரிச்சர்டு ஸ்புரூஸ் என்பவர் சிம்போராசோ மலைச்சரிவில் சிவப்புப் பட்டைச் சின்கோனாவைத் தேடிப் பிடித்தார். ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர், 600-க்கு மேற்பட்ட செடிகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து, 1861 ஜனவரி 2-ம் தேதி குவாயாகிலில் கப்பலேறினார்.

பனாமா கால்வாயும் சூயஸ் கால்வாயும் அப்போது ஏது? பனாமாவில் இறக்கி ரயிலில் ஏற்றி, மறு கரையில் மீண்டும் கப்பல்; இங்கிலாந்து போய், எகிப்தில் மறுபடி ரயில்; பிறகு செங்கடல், பம்பாய், மலைப்பாதை. ஏப்ரல் 9-ம் தேதி உதகையில், தோட்ட அதிகாரி மக்கைவர் கையில் செடிகள் சேர்ந்தன. 97 நாட்கள்! உயிரோடு வந்தவை 460-க்குச் சற்று அதிகம்.

அவற்றின் சந்ததி தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தழைத்தது. நடுவட்டத்தில் அரசாங்கக் குவினைன் தொழிற்சாலையும் ஏற்பட்டது. தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் சிலர் விடுதலைக்குப் பின் ஊர் திரும்பாமல், தமிழ்ப் பெண்களை மணந்து இப்பக்கத்திலேயே குடியேறிவிட்டார்கள்.

இன்று அதே பிரயாணத்துக்கு எவ்வளவு நேரம்? மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் ஜெட் விமானம் நேராகப் பறந்தால் 19 மணி போதும். ஆனால் அப்படி ஒரு விமானம் கிடையாது. இடையில் இறங்காமல் பயணிகளை ஏற்றிச் செல்வதில் மிக நீண்டதான சிங்கப்பூர்-நியூயார்க் வழியே சுமார் 15,300 கிலோமீட்டர்தான். அதற்கே 18 மணிக்கு மேல் ஆகிறது. ஆகவே இரண்டு மூன்று இடங்களில் விமானம் மாறி, காத்துக் கிடந்து, கோயம்புத்தூர் வந்து சேர ஒன்றரை நாளுக்குக் குறையாது.

அத்துடன் முடிந்ததா? கோவையிலிருந்து மேட்டுப்பாளையம், குன்னூர், உதகை வழியாக நடுவட்டம் சுமார் 120 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகளில் கார் ஏறி இறங்கி வர நாலைந்து மணி பிடிக்கும். அதே நேரத்தில் விமானம் 4,000 கிலோமீட்டர் தாண்டிவிடும்!

அன்றும் சரி, இன்றும் சரி, பிரயாணத்தில் நேரத்தைத் தின்பது தூரம் மட்டுமல்ல. ஏறி இறங்கி மாறும் இடங்கள்தான். பயணிக்கு அதனால் போவது பொழுது. அன்று கண்ணாடிப் பெட்டியில் வந்த செடிக்கோ, போனது உயிர்.